விடுமுறைக்கு ஒரு ஹேண்டிகேம்: பெட்டியில் உள்ள எண்களை எப்படிப் படிப்பது?

சித்திரைத் திருவிழாவும் பள்ளி விடுமுறையும் மதுரையில் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பேரன் பேத்தியோடு ஊருக்கு வருவதும், எல்லோருமாகக் கொடைக்கானலுக்கோ ராமேஸ்வரத்துக்கோ வண்டி பிடிப்பதும் அந்த நாட்களில்தான். வீட்டில் ஒரு நல்ல வீடியோ கேமரா இருந்தால் தேவலை என்ற பேச்சும் அப்போதுதான் எழும்.

இணையத்தில் தேடினால் ‘4கே, 48 மெகாபிக்சல், 18 மடங்கு ஜூம்’ என்று எழுதிய கேமரா சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. பக்கத்திலேயே ‘4கே, 20 மடங்கு ஜூம்’ என்று எழுதிய இன்னொன்றுக்குப் பத்து மடங்கு விலை. இரண்டும் உள்ளங்கையில் பட்டை போட்டுப் பிடிக்கும் அதே வடிவம். பக்கவாட்டில் திறக்கும் அதே திரை. விலை வித்தியாசம் எதனால், கையில் இருக்கும் போனே போதாதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. கேம்கார்டரில் நாம் காசு கொடுப்பது லென்ஸுக்கு. மற்றவை அதற்குப் பின்னால்தான்.

## போன் எதில் முந்துகிறது, எதில் பிந்துகிறது

கேம்கார்டர் என்பது கேமராவும் ரெக்கார்டரும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்த கருவி. 1980களில் கேசட்டில் பதிந்தது, 1995க்குப் பிறகு மினி டிவி டேப்பில் பதிந்தது, இப்போது மெமரி கார்டில் பதிகிறது. நம் ஊரில் எந்தக் கம்பெனியின் கேம்கார்டரானாலும் ‘ஹேண்டிகேம்’ என்றே சொல்கிறோம். அது சோனி தன் கருவிகளுக்கு வைத்த பெயர்.

பகல் வெளிச்சத்தில், பத்தடி தூரத்தில் நிற்பவரை எடுப்பதற்கு இன்றைய நல்ல போனை விட்டுக் கேம்கார்டர் தேட வேண்டியதில்லை. போனின் பிரதான சென்சார் (லென்ஸ் வழியே வரும் ஒளியைப் படமாக மாற்றும் சில்லு) பல நடுத்தர விலைக் கேம்கார்டர்களின் சென்சாரைவிடப் பெரியது. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. ஆனால் இதைத் தெரிந்துகொண்டுதான் வாங்கப் போக வேண்டும். கேம்கார்டர் போனை விஞ்சுவது நான்கு இடங்களில்:

1. தூரத்தில் இருப்பதைத் தரம் குறையாமல் அருகே கொண்டுவருவது.
2. அப்படிக் கொண்டுவரும்போது படம் ஆடாமல் வைத்திருப்பது.
3. மணிக்கணக்கில் நிறுத்தாமல் பதிவது.
4. வெளி மைக் செருகி, ஒலியின் அளவைக் கையால் கட்டுப்படுத்துவது.

இந்த நான்கில் குறைந்தது இரண்டு உங்களுக்குத் தேவைப்பட்டால்தான் கேம்கார்டர். இல்லையென்றால் அந்தக் காசில் போனுக்கு ஒரு மைக்கும் டிரைபாடும் வாங்குவது நல்லது.

## ‘48 மெகாபிக்சல்’ என்ற எண்

4கே வீடியோவின் ஒரு சட்டகம் (ஃபிரேம்) 3840 × 2160 புள்ளிகள். அதாவது சுமார் 83 லட்சம், 8.3 மெகாபிக்சல். ஃபுல் எச்டி 1920 × 1080. சுமார் 2 மெகாபிக்சல். ஆக, வீடியோவுக்கு 48 மெகாபிக்சல் எந்த வேலையும் செய்வதில்லை. மலிவு விலைக் கருவிகளில் அந்த எண்ணே சென்சாரிலிருந்து வருவதும் இல்லை. சிறிய சென்சார் எடுத்த படத்தின் புள்ளிகளுக்கு நடுவே மென்பொருள் தானாக ஊகித்த புள்ளிகளைச் சொருகிப் பெரிதாக்கிக் காட்டுகிறது. ‘இன்டர்போலேஷன்’ என்பது இதுதான். விவரப் பட்டியலில் அந்தச் சொல் எங்காவது சின்ன எழுத்தில் இருந்தால் 4கே, மெகாபிக்சல் இரண்டையும் நம்ப வேண்டாம்.

ஜூமிலும் அதே கதைதான். ‘16 மடங்கு டிஜிட்டல் ஜூம்’ என்றால் லென்ஸ் அசையவே இல்லை. படத்தின் நடுப்பகுதியை வெட்டி இழுத்துப் பெரிதாக்குகிறார்கள். 4 மடங்கு டிஜிட்டல் ஜூமில் படத்தின் பதினாறில் ஒரு பங்கு புள்ளிகள்தான் மிஞ்சும். 16 மடங்கில் 256இல் ஒரு பங்கு.

பட்டியலில் தேட வேண்டிய சொல் ‘ஆப்டிகல் ஜூம்’. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எண் இல்லாத கருவியை, என்ன விலை சொன்னாலும், கேம்கார்டராகக் கணக்கில் எடுக்காதீர்கள். அவற்றில் பலவற்றில் ஃபோகஸ்கூட நிலையானது: ஓர் அடி தூரத்துக்குள் குழந்தையின் முகத்தைக் காட்டினால் மங்கலாகத்தான் விழும்.

## 20 மடங்கு என்றால் எவ்வளவு?

மடங்கு என்பது தூரமல்ல, விகிதம். லென்ஸின் மிக அகலமான காட்சிக்கும் மிக நெருக்கமான காட்சிக்கும் உள்ள விகிதம். எந்த அகலத்திலிருந்து தொடங்குகிறது என்று தெரியாமல் மடங்கை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதனால்தான் விவரப் பட்டியலில் ‘35 மி.மீ. ஃபிலிமுக்கு இணையான’ குவிய நீளம் என்று தனியாகக் கொடுத்திருப்பார்கள் (எண் சிறியதானால் அகலமான காட்சி, பெரியதானால் நெருக்கமான காட்சி). 26.8 மி.மீ.யில் தொடங்கும் 20 மடங்கு லென்ஸ் 536 மி.மீ. வரை போகும்.

அதை வைத்து ஒரு எளிய கணக்குப் போடலாம். எடுக்கும் பொருளின் தூரத்தை 36ஆல் பெருக்கி, குவிய நீளத்தால் வகுத்தால், படத்துக்குள் எத்தனை மீட்டர் அகலம் விழும் என்பது கிடைக்கும்.

அழகர் வைகையில் இறங்கும் விடியற்காலையில், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து தங்கக் குதிரை 60 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

1. 26 மி.மீ. போன் லென்ஸ்: 60 × 36 ÷ 26, சுமார் 83 மீட்டர். ஆறு, கூட்டம், விளக்குகள் எல்லாம் தெரியும். அழகர் ஒரு பொட்டாகத் தெரிவார்.
2. தனி டெலிஃபோட்டோ லென்ஸ் உள்ள போன், 120 மி.மீ.: 18 மீட்டர். குதிரை தெரியும், அலங்காரம் தெரியாது.
3. 20 மடங்கு கேம்கார்டர், 536 மி.மீ.: 4 மீட்டர். அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தியிருக்கிறார் என்பது தெரியும்.

அலங்காநல்லூரிலோ பாலமேட்டிலோ மேடையில் உட்கார்ந்து வாடிவாசலை எடுப்பதற்கும், வண்டியூர் தெப்பக்குளத்தின் கரையில் நின்று மைய மண்டபத்தைச் சுற்றிவரும் தெப்பத்தை எடுப்பதற்கும் இதே கணக்குத்தான்.

அகலமான முனையையும் பார்க்க வேண்டும். காதுகுத்து வீட்டுக்குள் நடக்கிறது. கேமரா பிடிப்பவருக்குப் பின்னால் சுவர். தாய்மாமன் மடியில் குழந்தை 3 மீட்டர் தூரத்தில். 26.8 மி.மீ. லென்ஸில் 4 மீட்டர் அகலம் விழும். சுற்றி நிற்கும் அத்தை, சித்தி எல்லோரும் உள்ளே வருவார்கள். பழைய மாடல்கள் பல 40 மி.மீ.க்கு அருகில்தான் தொடங்கும். அவற்றில் 2.7 மீட்டர்தான் கிடைக்கும். ஓரத்தில் நிற்பவரின் பாதி முகம் வெட்டுப்படும். 30 மி.மீ.க்குக் கீழே தொடங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். மடங்கு சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை.

## கை ஆட்டம்: பலரும் கடைசியில் பார்ப்பது, முதலில் பார்க்க வேண்டியது

536 மி.மீ.யில் கேமரா காணும் மொத்தக் கோணமே 4 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. கை ஒரு டிகிரி அசைந்தால் படம் கால் பங்கு நகர்ந்துவிடும். அதே அசைவு அகலமான முனையில் அறுபத்தெட்டில் ஒரு பங்குதான், கண்ணுக்கே தெரியாது. ஜூம் கூடக் கூட ஆட்டமும் அதே மடங்கில் கூடுகிறது. ஆட்டத்தைத் தடுக்கும் ஏற்பாடு இல்லாத 20 மடங்கு ஜூம் பயன்படாத ஜூம்.

தடுக்கும் ஏற்பாடுகள் மூன்று வகை. முதலாவது மின்னணு முறை: படத்தின் ஓரங்களை விட்டுவிட்டு, ஆட்டத்துக்கு எதிர்த்திசையில் சட்டகத்தை நகர்த்துகிறது. அகலமான காட்சி குறுகும், வெளிச்சம் குறைந்தால் படம் இழுபடும். இரண்டாவது ஆப்டிகல் முறை: லென்ஸுக்குள் ஒரு கண்ணாடித் துண்டு, ஆட்டத்தைக் கண்டறியும் ஜைரோ சொல்வதைக் கேட்டு எதிர்த்திசையில் நகர்கிறது. மூன்றாவதில் லென்ஸும் சென்சாரும் ஒரே தொகுதியாகத் தொங்கி, உடலுக்குள்ளேயே மிதக்கின்றன. சோனியின் சில ஹேண்டிகேம்களில் உள்ள இந்த ஏற்பாடு நடந்துகொண்டே எடுக்கும்போதும் நன்றாக வேலை செய்கிறது. குறைந்தபட்சம் இரண்டாவது வகையாவது வேண்டும்.

கடையில் சோதிக்க ஒரு வழி உண்டு. வாசலுக்கு வந்து தெருவின் எதிர்ப்புறம் தூரத்தில் உள்ள ஒரு பெயர்ப்பலகையைப் பாருங்கள். டிஜிட்டல் ஜூமை மெனுவில் அணைத்துவிட்டு, முழு ஆப்டிகல் ஜூமுக்குப் போய், இரு கைகளாலும் பிடித்துப் பத்து விநாடி பதியுங்கள். பதிந்ததைப் போட்டுப் பார்க்கும்போது எழுத்துகளைப் படிக்க முடிந்தால் சரி. பலகை சட்டகத்தை விட்டு வெளியே போய்ப் போய் வந்தால் வேண்டாம். ‘திரையில் அப்படித்தான் தெரியும், டிவியில் சரியாக இருக்கும்’ என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். டிவியில் இன்னும் மோசமாகத் தெரியும்.

கூட்டத்தில் மூன்று கால் டிரைபாடு விரிக்க இடம் கிடைக்காது. ஒற்றைக் கால் மோனோபாட் போதும். அதுவும் இல்லையென்றால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் முழங்கைகளை ஊன்றிக்கொள்ளுங்கள். டிரைபாடில் பொருத்தும்போது மட்டும் ஆட்டத் தடுப்பை அணைத்துவிட வேண்டும். இல்லாத ஆட்டத்தைத் திருத்தப் போய்ப் படம் மெல்ல நகரும் கேமராக்கள் உண்டு.

## விளக்கொளியில்

நம் விழாக்கள் பெரும்பாலும் இரவிலோ விடியலிலோ நடக்கின்றன. சென்சார் சிறியதாக இருந்தால் வெளிச்சம் பற்றாது. பற்றாததைக் கேமரா மின்னணு முறையில் உயர்த்தும்போது படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல் விழும்.

1 அங்குல வகை சென்சாரின் பரப்பு சுமார் 116 சதுர மி.மீ. 1/2.5 அங்குல வகையின் பரப்பு சுமார் 25. நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம். (இந்த அங்குலக் கணக்கு பழைய டியூப் கேமரா காலத்தது, உண்மையான அளவு அதைவிடச் சிறியது.) 1 அங்குல சென்சார் உள்ளவை இரவில் சிறப்பாக எடுக்கும். ஆனால் கனமானவை, விலையும் லட்சத்தைத் தாண்டும், ஜூமும் 12 மடங்கு அளவில் நின்றுவிடும். பெரிய சென்சாருக்கு நீண்ட ஜூம் வேண்டுமென்றால் லென்ஸ் கைக்கு அடங்காது.

ஜூம் போகப் போக வெளிச்சமும் குறையும். அகலமான முனையில் எஃப் 2.0 ஆக இருக்கும் லென்ஸின் ஒளித் துளை (எஃப் எண் கூடினால் துளை சிறியது), நெருக்கமான முனையில் எஃப் 3.8 ஆகச் சுருங்கினால், உள்ளே வரும் ஒளி ஏறக்குறைய மூன்றரை மடங்கு குறைகிறது. மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையை இரவில் எடுப்பவர்கள் முழு ஜூமுக்குப் போகாமல், நாலடி முன்னால் நடந்து பாதி ஜூமில் எடுத்தால் படம் தெளிவாக வரும்.

## 50ஆ, 60ஆ?

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் வாங்கிவரும் கேமராவில் வரும் சிக்கல் இது. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட் போன்றவை விநாடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். விநாடிக்கு 25 அல்லது 50 சட்டகம் எடுத்து, ஷட்டரை (ஒரு சட்டகத்துக்கு ஒளி விழும் நேரத்தை) 1/50 அல்லது 1/100 விநாடியில் வைத்தால், ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒரே அளவு ஒளி கிடைக்கும். 60 ஹெர்ட்ஸ் நாட்டுக் கேமரா விநாடிக்கு 30 அல்லது 60 சட்டகம் எடுக்கிறது, ஷட்டர் 1/60. அப்போது ஒளியும் சட்டகமும் ஒத்துப்போகாமல் கல்யாண மண்டபத்துக்குள் படம் துடிக்கும், அல்லது கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடும்.

அமெரிக்கா, கனடா, ஜப்பான் நாட்டு மாடல்களில் 50க்கு மாற்றும் வசதி மெனுவில் இருக்கிறதா என்று வாங்கும் முன்னரே பார்க்கச் சொல்லுங்கள். பல வீட்டு உபயோக மாடல்களில் இருக்காது. ஷட்டரைக் கையால் 1/50 அல்லது 1/100க்கு மாற்ற முடிந்தால் ஓரளவு சமாளிக்கலாம். சிங்கப்பூர், துபாய் இரண்டும் 50 ஹெர்ட்ஸ். அங்கிருந்து வருபவற்றில் இந்தத் தொல்லை இல்லை. ஜப்பான் உள்நாட்டு மாடல்கள் சிலவற்றில் மெனுவே ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இருக்கும்.

திருவிழாப் பந்தலின் சீரியல் செட், எல்.இ.டி. பலகைகள் தனி ரகம். அவற்றின் மினுக்கம் மின்சாரத்தை ஒட்டியே இருக்க வேண்டியதில்லை. 1/50 வைத்துப் பாருங்கள், பட்டை வந்தால் 1/100. இரண்டிலும் வந்தால் அந்தப் பலகையைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளுவதே வழி.

## ஒலி

பத்து ஆண்டு கழித்து இந்தப் பதிவைப் போடும்போது, கொடைக்கானல் ஏரி அப்போதும் அங்கேயே இருக்கும். பாட்டி பேத்தியை அதட்டிய குரல் இந்தக் கோப்பில் மட்டும்தான் இருக்கும். ஆனாலும் கேமரா வாங்கும்போது மைக்கைப் பற்றிக் கேட்பவர் மிகக் குறைவு.

கெடுப்பவை இரண்டு. ஒன்று காற்று. பாம்பன் பாலத்தில் நின்று எடுத்த வீடியோவில் பேச்சே கேட்காது. மைக் துளையில் காற்று மோதும் படபடப்புத்தான் கேட்கும். மெனுவில் உள்ள காற்றுக் குறைப்பு தாழ்ந்த ஒலிகளை வெட்டுகிறது, அவ்வளவே. மைக்கின் மேல் போடும் ரோம உறைதான் உண்மையில் வேலை செய்வது. உள் மைக்குக்கு ஒட்டுகிற சிறிய உறைகளும் உண்டு.

இரண்டாவது தவில். கேமராவின் தானியங்கி ஒலி அமைப்பு, சத்தம் கூடினால் அளவைத் தாழ்த்தும், குறைந்தால் உயர்த்தும். தவில் அடி விழும்போதெல்லாம் நாதஸ்வரம் அமுங்கி, அடி நின்றதும் பின்னணி இரைச்சல் பொங்கி எழும். இதைத் தவிர்க்க ஒலி அளவைக் கையால் வைக்கும் வசதி வேண்டும். மீட்டரில் உச்ச அடிகள் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி வையுங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி கிழிந்துவிடும். அதைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாகச் சீர்செய்ய முடியாது.

ஆகவே பட்டியலில் பார்க்க வேண்டியவை: 3.5 மி.மீ. மைக் துளை, ஹெட்போன் துளை, கையால் ஒலி அளவு. மூன்றும் சேர்ந்து கிடைக்காவிட்டாலும் மைக் துளையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

## கார்டும் கோப்பும்

பதிவின் தரத்தை ஒரு விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்று சொல்வார்கள். 4கே 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ஃபுல் எச்டி 50 மெகாபிட்டுக்கு 22.5 ஜிபி, ஃபுல் எச்டி கேம்கார்டர்கள் பலவற்றில் உள்ள ஏவிசிஎச்டி என்ற பதிவு முறையில் 28 மெகாபிட்டுக்கு 12.6 ஜிபி. மூன்று நாள் பயணத்தில் மொத்தம் நான்கு மணி நேரம் 4கேயில் எடுத்தால் 180 ஜிபி. 64 ஜிபி கார்டு ஒன்றரை மணி நேரத்துக்குக்கூடப் போதாது.

ஜல்லிக்கட்டுப் போன்ற வேகமான காட்சிக்கு, விநாடிக்கு 25 சட்டக 4கேயைவிட 50 சட்டக ஃபுல் எச்டி நல்லது. காளை பாயும்போது படம் வெட்டி வெட்டி ஓடாது.

கார்டின் மேல் ‘யு3’ அல்லது ‘வி30’ குறி இருக்க வேண்டும். விநாடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்று அதற்குப் பொருள். பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 100, 170 எல்லாம் பெரும்பாலும் படிக்கும் வேகம். பதிவுக்கு அது உதவாது. வேகம் போதாத கார்டில் பதிவு சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும். போலிக் கார்டுகள் வேறு கதை: 128 ஜிபி என்று காட்டும், உள்ளே 16தான் இருக்கும், அதற்குமேல் பதிந்தது எல்லாம் தொலையும். வாங்கியவுடன் ஒருமுறை முழுக்க நிரப்பி, நிரப்பியதைத் திரும்ப ஓட்டிப் பார்த்த பிறகே பயணத்துக்கு எடுங்கள்.

## பேட்டரி, வெயில், தண்ணீர்

கையேட்டில் பேட்டரிக்கு இரண்டு கணக்கு இருக்கும்: தொடர்ந்து பதிவு, வழக்கமான பதிவு. ஜூம் போட்டு, நிறுத்தி, திரையைத் திறந்து மூடிப் பயன்படுத்தும் நமக்கு இரண்டாவதுதான் பொருந்தும். அது முதலாவதில் பாதிதான். கூடுதல் பேட்டரி ஒன்று கட்டாயம். பதிந்துகொண்டே யுஎஸ்பி வழியாக பவர் பேங்கிலிருந்து மின்சாரம் எடுக்குமா என்றும் கேளுங்கள்.

பெரும்பாலான வீட்டு கேமராக்கள் 40 டிகிரி வரைக்கும்தான் இயங்கும் என்று எழுதியிருக்கும். சித்திரை வெயிலில் மதுரை அந்த அளவைத் தொடும். நிறுத்திய காருக்குள் அதைத் தாண்டும். வெள்ளைத் துண்டில் சுற்றி இருக்கைக்கு அடியில் வையுங்கள். கொடைக்கானல் குளிரிலிருந்து கீழே இறங்கும்போது நேர்மாறான சிக்கல்: குளிர்ந்த லென்ஸில் ஈரம் படியும். மலையிலேயே பிளாஸ்டிக் பையில் காற்றுப்புகாமல் கட்டி, கீழே வந்து ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் ஈரம் பைக்கு வெளியே நின்றுவிடும். ஈரம் தங்கிய லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், பிடித்தால் முழுதாகப் போக்குவது கடினம்.

அழகர் மேல் துருத்தியில் தண்ணீர் பீய்ச்சும் இடத்தில் கேமராவுக்கு மழை உறை அவசியம். கும்பக்கரை, சுருளி அருவிகளில் குளிப்பதை எடுக்கக் கேம்கார்டரே வேண்டாம். தண்ணீர் புகாத ஆக்‌ஷன் கேமராதான் அதற்கு.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கேமரா எதையும் எடுத்துச் செல்ல முடியாது. 2018 பிப்ரவரி 2 அன்று வீர வசந்தராயர் மண்டபத்தில் நடந்த தீவிபத்துக்குப் பிறகு கைபேசிக்கும் தடை வந்தது. 2022 டிசம்பரில் தமிழகக் கோயில்கள் அனைத்திலும் கைபேசியைத் தடைசெய்ய உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. கோபுரங்களை வெளியிலிருந்து, சித்திரை வீதியில் நின்று எடுத்துவிட்டுக் கேமராவை அறையில் வைத்துவிட்டுப் போவது நல்லது.

## பழையது வாங்கினால்

நல்ல 20 மடங்கு கேம்கார்டர் புதிதாக அரை லட்சத்துக்குள் கிடைப்பது அரிது. கம்பெனிகள் விடும் மாடல்களும் குறைந்துவிட்டன. அதனால் பலர் பழையதைத் தேடுகிறார்கள். தவறில்லை, இவற்றைச் சோதித்தால்:

1. லென்ஸை மூடிவிட்டு ஒரு நிமிடம் பதிந்து, டிவியில் போடுங்கள். கறுப்பில் நிலையாக நிற்கும் வெள்ளை, சிவப்புப் புள்ளிகள் சென்சாரின் பழுது.
2. ஜூமை முனையிலிருந்து முனைக்கு ஐந்து முறை ஓட்டுங்கள். இடையில் நின்றாலோ கரகரத்தாலோ மோட்டார் போகப்போகிறது.
3. திரையைத் திறந்து, திருப்பி, மடக்குங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் அணைந்தால் கீலுக்குள் ஓடும் பட்டைக் கம்பி தேய்ந்துவிட்டது. பழைய ஹேண்டிகேம்களில் அடிக்கடி வரும் கோளாறு இது.
4. லென்ஸுக்குள் டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். சிலந்திவலை போன்ற இழை தெரிந்தால் பூஞ்சை.
5. மைக் துளையில் ஒரு மைக்கைச் செருகி, அசைத்து அசைத்துப் பேசிப் பதிந்து கேளுங்கள்.

பேட்டரி தேய்ந்திருக்கும் என்றே வைத்துக்கொண்டு, புதிய பேட்டரியின் விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

## ஊர் திரும்பியதும்

ஏவிசிஎச்டி முறையில் பதியும் கேமரா நீண்ட பதிவைப் பல துண்டுகளாக வெட்டி வைக்கும். அந்தத் துண்டுகளை இணைக்கும் குறிப்பு வேறு கோப்புறையில் இருக்கும். வீடியோ கோப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்து நகலெடுத்தால், சேரும் இடத்தில் ஒலி ஒரு கணம் அறுபடும். கார்டில் உள்ள மொத்தக் கோப்புறையையும் அப்படியே எடுங்கள். ஒன்று கணினியில், இன்னொன்று தனி ஹார்டு டிஸ்கில். இரண்டையும் திறந்து, நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பார்த்த பிறகு கார்டை அழிக்கலாம். அழிப்பதைக் கணினியில் செய்யாமல் கேமராவின் மெனுவில் உள்ள ஃபார்மட் வழியாகவே செய்யுங்கள். தனக்குத் தேவையான கோப்புறைகளைக் கேமரா அப்போதுதான் சரியாக உருவாக்கிக்கொள்ளும்.